உன் மகளின் இடது கண்

ஸலாம் சொல்லித் தொடங்கச் சொல்கிறாள் உன் தங்கை சபியா. சொல்லிவிட்டேன். சுகமா என்று கேட்கமாட்டேன். போன வெள்ளிக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் உடம்பு நன்றாக இருப்பது பெற்றவளுக்குத் தெரிந்தது. நீ போனை வைத்த பிறகு சபியா மூன்று முறை அடித்துப் பார்த்தாள். நீ எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனை வைத்ததுபோல இதை நடுவில் வைக்க உன்னால் முடியாது. ஏனென்றால் இதைப் படிக்கப்போவது நீ இல்லை. உன் அறையிலேயே தங்குகிற அடுத்த தெரு சலீம் லீவு முடிந்து சனிக்கிழமை துபாய்க்கு ஏறுகிறான். கவரை ஒட்டாமல் அவன் கையில் கொடுக்கிறேன். அங்கே உன்னோடு தங்கும் எட்டுப் பேரும் சாப்பிட உட்காரும்போது சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். ஊரிலிருந்து ஆள் கையில் கொடுத்தனுப்பும் கவரை யாரும் ஒட்டாமல் விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும், அதுவும் உன் அத்தா மவுத்தான பிறகு இவள் சொல்லிக்கொடுத்தது. நான் பேசப் பேச சபியா பள்ளிக்கூடத் தமிழில் எழுதுகிறாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண், அதனால் நான் சொல்வதை அழகாக்கப் பார்க்கிறாள். திட்டுகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

போனில் நீ என்ன சொன்னாய்? நானே திருப்பிச் சொல்கிறேன், அறையே கேட்கட்டும். "எங்க குடும்பத்துல யாருக்கும்மா இந்த மாதிரி இருக்குது? எல்லாம் அவங்க வூட்டு ரத்தம். அவ மாமாவுக்குக் கண்ணு தெரியாதுல்ல? மறைச்சுக் குடுத்துட்டானுங்க." உன் பெண்டாட்டி பர்வீன் பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். ரிசீவரை விட்டு வெளியே வந்து விழுந்தது உன் குரல். "பொட்டப்புள்ளைக்குக் கண்ணை எடுத்துட்டா யாரு கட்டிப்பான்? அடுத்த வருசம் நான் வர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. மீறி வச்சா அவ அவங்க அப்பன் வூட்டுக்கே போயிடட்டும். நான் தலாக் சொல்லிடுவேன்." இதையேதான் அறையில் இருக்கிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று அங்கேயிருந்து போனில் கேட்டுச் சலீம் சொன்னான். பர்வீனின் மாமாவுக்கு அறுபத்தைந்து வயதில் சர்க்கரையால் கண் போனது. அதற்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் என்னடா சம்பந்தம்?

முதலில் பார்த்தது நீதான், அதையும் ஞாபகப்படுத்துகிறேன். நோன்புப் பெருநாளுக்கு நஸ்ரினுக்குப் பச்சைச் சட்டை போட்டு ஸ்டுடியோவில் படம் எடுத்து உனக்கு அனுப்பினோம். ஒரு கண் சிவப்பாக விழுந்திருந்தது, ஒரு கண் வெள்ளையாக. "ஸ்டுடியோக்காரன் கெடுத்துட்டான், வேற எடுத்து அனுப்புங்க" என்றாய். மறுபடி எடுத்தோம். மறுபடியும் இடது கண் வெள்ளை. ஸ்டுடியோக்காரர்தான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஃபிளாஷ் பட்டா ரெண்டு கண்ணும் சேப்பா வரணும்மா. ஒண்ணு மட்டும் இப்படி வருதுன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அந்த மனுஷனுக்கு இருந்த அக்கறையில் கால்வாசி அவளைப் பெற்ற உனக்கு இருந்திருக்கலாம்.

புதுச்சேரி கண் ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். இடது கண்ணுக்குள் கட்டி. கண்ணின் முக்கால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. வலது கண்ணில் கடுகளவு ஒன்று இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அதைக் குளிர் வைத்துக் கருக்கிவிடலாம் என்றார் டாக்டரம்மா. இடது கண்ணை விட்டுவைத்தால் கட்டி நரம்பு வழியாக மூளைக்குப் போகும் என்றார். நீ சொல்வதுபோல ஒரு வருஷம் காத்திருந்தால் உன் மகளுக்கு இரண்டு கண்ணும் போகும், அதற்குப் பிறகு அவளும் போவாள். இதையும் போனில் சொன்னோம். நீதான் கத்திக்கொண்டிருந்தாய்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பர்வீன் குழந்தையோடு உள்ளே இருந்ததால் சபியாதான் நிரப்பினாள். அதில் ஒரு கேள்வி: தாய் தந்தை வீட்டில் யாருக்காவது சிறுவயதில் கண்ணில் கட்டி வந்ததுண்டா? சபியா என்னைப் பார்த்தாள். "இல்ல, எழுது" என்றேன். எழுதினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா உட்கார்ந்திருக்க, வாய் கூசாமல் சொன்னேன். நாக்குக்கு அது பழகிப்போன சொல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சபியா டாக்டரம்மா கொடுத்த நாலு பக்கப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். மழைக்காலம் என்பதால் உப்பளம் முழுக்கத் தண்ணீர், பாத்தி வரப்பே தெரியவில்லை. மரக்காணம் நெருங்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, அண்ணன் கண்ணு எந்த வயசுல போச்சு?" "மூணு." "அடிபட்டதுன்னுதானே ஊருல பேச்சு? அடிபட்டா கண்ணு கலங்கும், குருடாகும். முழுசா எடுத்தாங்களா?" "ஆமா." "எடுக்கறதுக்கு முன்னாடி அண்ணன் கண்ணு எப்படிம்மா இருந்துச்சு?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. "வெள்ளையா மின்னுச்சாம்மா?"

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்பதை அவளே எழுதட்டும். எனக்குச் சொல்ல வராது.

அண்ணே, இந்தப் பத்தி சபியா எழுதுவது. நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிந்துதான் புதுச் செல் வருகிறது. ஆனால் நினைத்த நேரத்துக்குப் பிரிய முடியாது. பிரிவதற்கு முன் ஓர் இடத்தில் நின்றாக வேண்டும். அங்கே நிறுத்திப் பிடித்துவைப்பது ஒரு புரதம். பிரியத் தேவை இருக்கிறது என்ற உத்தரவு வந்தால் பிடியை விடும், பிரிந்து முடிந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். நம் அளத்தில் மடையைத் திறந்து மூடுகிற ஆள் மாதிரி. அவர் இல்லாவிட்டால் கழிமுகத் தண்ணீர் பாத்திக்குப் பாத்தி ஏறிக்கொண்டே போகுமே, அப்படித்தான் செல்லும் நிற்காமல் பிரியும். அதுதான் கட்டி. இந்தக் கண் கட்டியை ஆராய்ந்தபோதுதான் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்களாம், அதனால் நோயின் பெயரையே சுருக்கி அதற்கு ஆர்.பி. என்று வைத்துவிட்டார்கள். கண்ணில் மட்டுமில்லை, உடம்பில் எல்லா இடத்திலும் அது காவல் இருக்கிறது. அதைச் செய்வதற்கான குறிப்பு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதி உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அத்தாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும். ஆனால் பிறக்கும்போதே ஒன்று கெட்டிருந்தால், விழித்திரையில் ஏதோ ஒரு செல்லில் மிச்சமிருக்கும் ஒன்றும் கெட்டுப்போனால் போதும். குழந்தையின் விழித்திரை வளர்ந்துகொண்டிருக்கும் நேரம் அது, செல்கள் வேகமாகப் பிரியும் நேரம். நஸ்ரினுக்கு இரண்டு கண்ணிலும் வந்திருப்பதால் அவள் அந்தக் கெட்ட பிரதியோடுதான் பிறந்திருக்கிறாள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அது அண்ணி கொடுத்தது இல்லை அண்ணே. நீ கொடுத்தது. இனி உனக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி அது வரலாம், அதனால் பிறந்தவுடனே கண்ணைப் பார்க்க வேண்டும். உனக்கு எப்படி வந்தது என்று இன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அம்மா அத்தா யாரிடமிருந்தும் வராமல் உன்னிடமே புதிதாகத் தொடங்கியிருக்கலாமாம். இதில் யார்மேலும் தப்பு இல்லை என்றும் சொன்னார்கள். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதை அம்மா சொல்வார்கள்.

சொல்கிறேன். உனக்கு இரண்டு வயதிருக்கும்போது சாயங்காலம் விளக்கு ஏற்றினால் உன் இடது கண் மின்னும். "பூனைக் கண்ணுடி உம் புள்ளைக்கு" என்றார்கள் தெருவில். எனக்குப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் உன்னை விளக்குப் பக்கம் தூக்கிக் காட்டினேன். அப்படியே எட்டு மாதம் காட்டிக்கொண்டிருந்தேன். கண் சிவந்து பிதுங்க ஆரம்பித்து, நீ தலையைச் சுவரில் முட்டி அழுத பிறகுதான் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன் அத்தா அப்போது துணி மூட்டையோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. கட்டி, கேன்சர், கண்ணை எடுத்தால் பையன் பிழைப்பான் என்றார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அப்போது கையெழுத்தும் வராது, கைநாட்டு வைத்தேன். அன்று உன் அத்தா வரட்டும் என்று காத்திருந்தால் இன்று நீ துபாயில் உட்கார்ந்து தலாக் என்று கத்துவதற்கு இருந்திருக்க மாட்டாய்.

கைநாட்டு வைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து சொன்னதுதான் நான் செய்த அக்கிரமம். கேன்சர் என்றால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்த காலம். வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள், உனக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், இனி பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் அந்தப் பேச்சு போகும் என்று பயந்தேன். நாம் அப்போது அளத்து ஓரத்தில் டீக்கடை வைத்திருந்தோம். கடைக்கு எதிர்ப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் முனுசாமி. நீ பாத்திக்குள் இறங்கும்போதெல்லாம் உன்னைத் தூக்கிக் கரையில் விட்டவர் அவர்தான். "உப்பு வாருற பலகைக் கட்டை புள்ள கண்ணுல பட்டுடுச்சு" என்று சொன்னேன். யாருடைய பலகை என்று கேட்டார்கள். அவர் பெயரைச் சொன்னேன். அடிபட்ட கண் என்றால் பரிதாபப்படுவார்கள், நோய்க்கண் என்றால் ஒதுக்குவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு. உன் அத்தா வந்ததும் அவரிடமும் அதையே சொன்னேன். அவர் அளத்து மேஸ்திரியிடம் போய் நின்றார். அந்த வாரமே முனுசாமியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். "நான் அடிக்கல, அந்தப் புள்ள அன்னிக்கு அளத்துப் பக்கமே வரல" என்று அவர் ஆள் ஆளாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. எந்த அளத்திலும் அவரைச் சேர்க்கவில்லை. பிரம்மதேசம் பக்கம் மாமனார் ஊருக்குப் போய் வயல் கூலி செய்தார். உன் அத்தா கடைசிவரை அவரைச் சபித்துக்கொண்டே மவுத்தானார். அந்தச் சாபத்தையெல்லாம் நான்தான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

பஸ் ஞாபகமிருக்கிறதா? உனக்குப் பன்னிரண்டு வயது. திண்டிவனம் போகிற பஸ்ஸில் பெருமுக்கல் நிறுத்தத்தில் அவர் ஏறினார். நீ எழுந்து நின்று விரலை நீட்டினாய். "இவன்தான் என் கண்ணை எடுத்தவன்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு ஆள் அவர் சட்டையைப் பிடித்தான். கண்டக்டர் விசில் அடித்து அவரை இறக்கிவிட்டார். நான் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். "உட்காருடா" என்று மட்டும் சொன்னேன். கீழே நின்ற அவர் உன்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக என்னைத்தான் பார்த்தார். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்று.

உன் நிக்காஹ் பேசும்போது பர்வீனின் அத்தா கேட்டார், "மாப்பிள்ளைக்குக் கண்ணு எப்படிங்க போச்சு?" அடிபட்டது என்றேன். "அப்ப பரவால்லங்க, பிறவிக் கோளாறு இல்லையே" என்றார். இல்லைங்க என்றேன். மறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்கிறாயே, மறைத்தது யார்? உனக்குத் தெரிந்திருந்தால், நஸ்ரின் பிறந்த வாரமே கண்ணைப் பார்த்திருப்போம். இரண்டு கண்ணும் நின்றிருக்கலாம் என்று இன்று டாக்டரம்மா சொன்னபோது சபியா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை?

முந்தாநாள் திங்கட்கிழமை பிரம்மதேசம் போனேன். சபியாவைக் கூட்டிக்கொண்டு போனேன், என் வாயால் சொல்வதை ஒரு ஆளாவது கேட்க வேண்டும் என்று. முனுசாமி கூரையில் ஒழுகும் இடத்துக்கு பிளாஸ்டிக் ஷீட் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இறங்கவில்லை. ஏணியில் இருந்தபடியே கேட்டார். அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, "உக்காரச் சொல்லாத, போவச் சொல்லு" என்றாள். அவர் கயிற்றை இழுத்து முடிந்துவிட்டுத்தான் பேசினார்.

"இருபத்தி மூணு வருசம் கழிச்சு வந்து சொல்ற. நல்லா இருக்குது பாயம்மா. இப்ப இந்தக் கொழந்தை கண்ணை யாரு பேர்ல போடப் போற? அதுக்கும் நான்தான் கெடைச்சேனா?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவன்கிட்ட போய்ச் சொல்லு. அளத்துல சொல்லு. உம் புள்ளைகிட்ட சொல்லு. நாலு பேரு எதுர்க்க சொல்லு, அன்னிக்கு நாலு பேரு எதுர்க்கத்தானே சட்டையப் புடிச்சானுங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாங்கள் தெரு முனை திரும்பும்வரை ஏணியை விட்டு இறங்கவும் இல்லை. நேற்றுக் காலை அளத்து மேஸ்திரி வீட்டில் போய்ச் சொன்னேன். இன்று உன்னிடம் சொல்கிறேன், எட்டுப் பேர் எதிரில். கவர் ஏன் ஒட்டவில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

அவர் கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னைத் தின்கிறது. இந்தக் கண்ணை யார் பெயரில் போடப்போகிறாய்? நான் அன்று ஒரு கூலிக்காரர் பெயரில் போட்டேன். நீ இன்று உன் பெண்டாட்டி பெயரில் போடுகிறாய். நான் பெற்ற பிள்ளைதான் நீ, சந்தேகமில்லை. ஆனால் எனக்காவது உண்மை தெரிந்து பயம் இருந்தது. நீ ஒன்றும் தெரியாமலே தீர்ப்புச் சொல்கிறாய். ஒற்றைக் கண்ணன் என்று உன்னைத் தெருவில் கூப்பிட்டவர்களை அடித்துவிட்டு வருவாயே, அந்த நீ, அதே பேச்சுக்குப் பயந்து குழந்தையைச் சாகவிடு என்கிறாய். யார் கட்டிக்கொள்வான் என்று கேட்கிறாய். உன்னை ஒருத்தி கட்டிக்கொள்ளவில்லையா, மானங்கெட்டவனே? அவள் உன் கண்ணைப் பார்த்து ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பாளா?

பர்வீனிடமும் சொல்லிவிட்டேன். நேற்று மத்தியானம், அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது. அவள் கத்தவில்லை. பருக்கை ஒட்டிய கையோடு என்னையே பார்த்தாள். பிறகு, "சபியா, உங்கம்மாவை என்கிட்ட பேச வேணாம்னு சொல்லு. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போறேன். நானே கையெழுத்துப் போடறேன்" என்றாள். அதற்குப் பிறகு நான் ஆக்கியதைச் சாப்பிடவில்லை. இன்று காலை பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் அவள், ஏழாவது சீட்டில் நான். இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சபியா முட்டியில் அட்டை வைத்து எழுதுகிறாள்.

நாளை வியாழக்கிழமை காலையில் நஸ்ரினின் இடது கண்ணை எடுக்கிறார்கள். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். சலீம் இதைப் படிக்கும்போது அது முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். தலாக் சொல்ல வேண்டும் என்றால் சொல்லிக்கொள். பர்வீன் எங்கும் போகமாட்டாள், அது நஸ்ரினின் வீடு. அவளை நான் அனுப்பமாட்டேன், நான் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் போகவேண்டியது நான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி போய்விட்டது, அதனால் ஒரு வேலை மட்டும் சொல்கிறேன். காயம் ஆறி ஆறு வாரத்தில் குழந்தைக்குச் செயற்கைக் கண் பொருத்துவார்களாம். அதைக் கழற்றுவது, கழுவுவது, திருப்பி வைப்பது எப்படி என்று நர்ஸ் பர்வீனுக்குக் காட்டுவார். ஆனால் காற்றில் உப்பு மண் பறக்கிற மாசி பங்குனியில் அது எப்படி உறுத்தும், எந்தப் பக்கம் படுத்தால் நழுவும், பள்ளிக்கூடத்தில் எவனாவது கேட்டால் எப்படிப் பார்த்து நிற்பது, இதெல்லாம் இந்த வீட்டில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஏழு வயதிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் உன் கண்ணைக் கழுவினாய். நானும் கதவைத் தட்டியதில்லை. திறந்தால் கேள்வி வரும் என்று பயந்தேன். உன் மகள் கதவைச் சாத்திக்கொண்டு கழுவ வேண்டுமா, திறந்துவைத்துக்கொண்டா என்பதை நீ வந்துதான் காட்ட வேண்டும். வராவிட்டால் அவள் தானே கற்றுக்கொள்வாள், உன்னைப் போல.

இன்று வந்ததும் ஃபாரத்தைத் திரும்ப வாங்கினோம். டாக்டரம்மா ஏன் என்று கேட்கவில்லை, பேனாவை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தினார். சபியா 'இல்லை' என்பதை அடித்துவிட்டு எழுதியிருக்கிறாள்: உண்டு. குழந்தையின் தந்தை. இடது கண். மூன்று வயதில் எடுக்கப்பட்டது. பக்கத்தில் உன் முழுப் பெயர். அதற்குக் கீழே நான் என் கையெழுத்தைப் போட்டேன், அதற்கும் கீழே பர்வீன் போட்டாள். என் கையெழுத்தில் படாமல் தள்ளித்தான் போட்டாள்.

சலீம், படித்தது போதும். இப்போது இவன் முகத்தைப் பாருங்கள், எட்டுப் பேரும். யார் வீட்டு ரத்தம் என்று ஒருத்தராவது கேளுங்கள். பதில் சொல்லாமல் எழுந்துபோக விடாதீர்கள்.